செம்மண் ஏற்றத்துக்கு ஒரு வண்டி

மே 4, திங்கள்

காலையில் வந்த முதல் நோயாளி ஒரு நாய். காலுறையை விழுங்கியிருந்தது. மதியத்துக்குள் கக்கிவிட்டது. காலுறைக்கு உரியவரும் கூடவே வந்திருந்தார், ஜோடியில் மிஞ்சியதைப் போட்டுக்கொண்டு.

கிளினிக்குக்கு எதிரே ஒரு பழைய பிக்கப் நிற்கிறது. கண்ணாடியில் அட்டை: 'விற்பனைக்கு. ஃபோர் வீல். நேரில் பேசவும்.' நேரில் யாரோடு பேசுவது? ஆளையும் காணோம், போன் எண்ணும் இல்லை.

சாலையைக் கடந்து போய்ப் பார்த்தேன். பார்ப்பதற்கு யாரைக் கேட்க வேண்டும்? உள்ளே இரண்டு கியர்க் கம்பிகள். பெரியது எல்லா வண்டியிலும் இருப்பது. பக்கத்தில் குட்டையாக இன்னொன்று, நாலு சக்கரத்தையும் இழுக்க வைப்பது; அதன் குமிழ் தேய்ந்து வழவழவென்று இருக்கிறது. நாள் முழுக்கப் பிடிக்கிற பெரிய கியரைவிட எப்போதோ போடுகிற சின்னது ஏன் அதிகம் தேய்ந்திருக்கிறது? யார் இதை இத்தனை தடவினார்கள்?

மாலை வரை இதே யோசனை. ஒரு பூனைக்கு ஊசி போட மறந்து, வாசல் வரை போனவர்களைத் திரும்பக் கூப்பிட வேண்டியதாயிற்று.

மே 6, புதன்

மேல்பண்ணை அக்கா போன் செய்தார். செம்மண் ஏற்றத்துக்கு மேலே மூன்று மாட்டுப் பண்ணைகள். அவருடையதுதான் கடைசி, எல்லாவற்றையும்விட உயரத்தில் இருப்பது. அக்காவுக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது.

"டாக்டர், நாலு மாடு சினையா நிக்குது. எல்லாம் மழையிலதான் ஈனும். நீங்க வருவீங்களா, மாட்டீங்களா? மாசக் கடைசிக்குள்ள சொல்லிடுங்க. வரமாட்டீங்கன்னா நாலையும் இப்பவே வித்துடுறேன். போன வருஷம் மாதிரி இன்னொரு தடவை என்னால பார்த்துக்கிட்டு நிக்க முடியாது."

நல்ல வண்டி ஒன்று பார்த்துக்கொண்டிருக்கிறேன், வாங்கினால் கட்டாயம் வருவேன் என்றேன்.

போன வருஷம். இங்கேயாவது உள்ளபடி எழுதுகிறேன். ஜூலையில் ஒரு பகல், கொட்டும் மழை. அக்காவின் மூத்த பசுவுக்குக் கன்று குறுக்கே சிக்கிக்கொண்டது. கிளம்பினேன். ஏற்றத்தின் பாதியில் பாதை முழங்கை மாதிரி மடங்கும். ஒரு பக்கம் மண்சுவர், மறுபக்கம் ஒன்றும் கிடையாது. அங்கே நிறுத்தினேன். கார் வழுக்கவில்லை. சக்கரம் வெறுமனே சுற்றவில்லை. என் கால் நடுங்கியது, அவ்வளவுதான். அப்படியே பின்னால் இறக்கி, கீழே அகலமான இடத்தில் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். "பாதை போயிடுச்சு அக்கா, கார் வழுக்குது" என்று போனில் சொன்னேன். பசுவும் செத்தது, கன்றும் செத்தது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எனக்குக் கார் கோணல். ஒரு வருடமாக எல்லோரிடமும் காரைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறேன், பாவம் அது.

ஆனால் உண்மையிலேயே காரின் குறையாகவும் இருக்கலாமே? நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி என்றால் கால் நடுங்காதோ என்னவோ. தெரிந்துகொள்ள வேண்டும்.

மே 9, சனி

வண்டிக்காரர் தாமாகவே கிளினிக்குக்கு வந்தார். ஆழ்துளைக் கிணறுகளில் மோட்டார் இறக்குபவர். ஊரில் எல்லோருக்கும் மோட்டார் அண்ணன்.

"என் வண்டியைச் சுத்திச் சுத்தி வர்றது நீங்கதானா டாக்டர்? எதிர்க்கடையில ஒரே பேச்சு."

மூட்டு வலியாம், உயரத்தில் ஏறி இறங்க முடியவில்லையாம். இனிமேல் கீழே சமவெளி வேலைகள் மட்டும், ஒரு சின்ன வேன் போதும் என்கிறார். சின்னக் கம்பியின் குமிழைப் பற்றிக் கேட்டேன். முகம் மலர்ந்துவிட்டது. ஒன்பது வருடமாக எந்த ஏற்றம் வந்தாலும் அடிவாரத்தில் நிறுத்தி, அதை இழுத்துப் போட்டுவிட்டுத்தான் ஏறுவாராம். போட்டதும் முன்னால் ஒரு பச்சை விளக்கு எரியும்.

"பச்சை எரிஞ்சாப் போதும் டாக்டர், நாலும் கடிச்சுக்கும். அப்புறம் மழையாவது மண்ணாவது! உங்க செம்மண் ஏத்தத்துல நான் எத்தனை மழைக்குப் போயிருக்கேன் தெரியுமா? ஒரு தடவை நின்னதில்லை."

ஒரு தடவைகூட நின்றதில்லை. இதைக் கேட்டபோது எனக்கு வந்தது பொறாமைதான்.

மே 10, ஞாயிறு

இன்று முழுக்கச் சோதனை. சீட் பெல்ட்டைக் கடைசி முழம் வரை இழுத்துப் பார்த்தேன். வெள்ளத்தில் முங்கிய வண்டியானால் அங்கேதான் சேற்றுக் கறை தங்குமாம். இல்லை. கிளட்ச் மிதியின் ரப்பர் கொஞ்சம்தான் தேய்ந்திருக்கிறது, பிரேக் மிதி அதைவிடக் குறைவாக. அப்படியென்றால் அவசரப்படாத ஆள். பின்தட்டில் இரும்புக் குழாய்கள் உரசிய கோடுகள் வரிவரியாக. ஓட்டுநர் இருக்கையின் வலப்பக்கம் அமுங்கியிருக்கிறது. மூட்டு வலி எந்தக் காலில் என்று அவரைக் கேட்காமலே சொன்னேன். அசந்துபோனார்.

என் வீட்டுக்காரர் பல் செட்டுக் கட்டுபவர். முன்னறைதான் அவருடைய பட்டறை; வீட்டுக்கு வருகிறவர்களைப் பார்த்து முதலில் சிரிப்பது மேசையில் இருக்கும் பல் வரிசைதான். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, தலை நிமிராமல் ஒரு பல் செட்டை அரத்தால் ராவிக்கொண்டே சொன்னார்.

"மாட்டுக்குப் பல்லைப் பார்த்து வயசு சொல்லுவ. இதுக்குப் பல் எங்க இருக்கு?"

"கியர்பாக்ஸுக்குள்ள."

"அப்ப வாயைத் திறந்து பார்க்காம வாங்காதே."

சரியான பேச்சு. மோட்டார் அண்ணனிடம் ஒரு நாளைக்குச் சாவி கேட்க வேண்டும்.

மே 13, புதன்

அண்ணனோடு ஏற்றம் போய் வந்தேன். காய்ந்த தரை, நல்ல வெயில். அவர் ஓட்டினார், நான் பக்கத்தில். அடிவாரத்தில் நிறுத்தினார். சின்னக் கம்பியை இழுத்தார், பச்சை எரிந்தது. முகப்புப் பலகையை இரண்டு தட்டுத் தட்டினார், மாட்டின் முதுகில் தட்டுகிற மாதிரி. இரண்டாவது கியர். அதன் பிறகு மேலே போய்ச் சேரும் வரை இன்ஜின் சத்தம் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. மடக்கு வந்ததும் மண்சுவரை ஒட்டியே திருப்பினார். பிரேக்கைத் தொடவே இல்லை.

இதையெல்லாம் கவனித்தேன் என்று எழுதுவதில் பெருமைதான். மடக்கில் நான் கண்ணை மூடிக்கொண்டேன் என்பதையும் எழுதிவிட வேண்டும்.

மே 14, வியாழன்

இன்று வண்டியைப் பற்றி நினைக்கவே இல்லை. பொய்.

மே 17, ஞாயிறு

இப்படி ஒன்றை நான் கேள்விப்பட்டதே இல்லை.

வண்டியை மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவருக்குப் பட்டப்பெயர் பொறுமை. எதைக் கேட்டாலும் "பொறுமை, பொறுமை" என்பார், தனக்கு மட்டும் அது கிடையாது. டார்ச்சோடு வண்டிக்கு அடியில் போனார். கொஞ்ச நேரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் சத்தம்.

"டாக்டர், இங்க வந்து குனிஞ்சு பாருங்க. என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரியலையே."

"அதேதான்."

இன்ஜினின் இழுப்பை முன் சக்கரங்களுக்குக் கொண்டுபோக நீளமாக ஒரு ஷாஃப்ட் இருக்க வேண்டுமாம். இதில் இல்லை. உடையவில்லை, அறுந்தும் போகவில்லை. யாரோ ஒழுங்காகக் கழற்றி எடுத்திருக்கிறார்கள். அது சுற்றினால் இரைச்சல், டீசலும் செலவு என்று சிலர் கழற்றிவிடுவது உண்டாம். போல்ட் இருந்த துளைகளில் பழைய மண் இறுகிக் கிடக்கிறது. அண்ணனுக்கு முன்பு வைத்திருந்தவருடைய வேலையாகத்தான் இருக்கும்.

"அப்ப பச்சை விளக்கு?"

"விளக்குக்கு லீவரைத்தான் தெரியும். சக்கரத்தைத் தெரியாது. பாவம், மோட்டார் அண்ணன் ஒன்பது வருஷமா ரெண்டு சக்கரத்துலதான் ஏறிக்கிட்டு இருக்காரு!"

எந்தத் தண்ணீர் மோட்டாரையும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டுகிற மனிதர். எண்ணெய் மாற்ற வருடா வருடம் இதே வண்டிக்கு அடியில் தாமே படுத்திருக்கிறார். எப்படிப் பார்க்காமல் விட்டார்? ஒருவேளை அப்படித்தானோ? இருப்பதில் பழுது தேடுகிற கண்ணுக்கு இல்லாதது படாது. முதல் கன்றை எடுத்த மகிழ்ச்சியில், உள்ளே இன்னொன்று இருப்பதைத் தேடாமல் கையைக் கழுவிய டாக்டர்களை எனக்குத் தெரியும். அவர்களில் ஒருத்தியை மிக நன்றாகத் தெரியும்.

மே 18, திங்கள்

சொல்வதா, வேண்டாமா?

பொறுமை சொன்னது: "சொல்லாதீங்க டாக்டர். நல்லாப் போய்க்கிட்டு இருக்கிற மனுஷன், தெரிஞ்சா நாளைக்கே உருண்டுடுவாரு."

வீட்டுக்காரர் சொன்னது: "பல் செட்டு நல்லாப் பொருந்தியிருக்குன்னு நினைக்கிறவன்கிட்ட அளவு தப்புன்னு சொன்னா, அன்னைக்கே வாய் வலிக்க ஆரம்பிச்சிடும்."

இரண்டு பேரும் ஒரே கட்சி. ஆனால் என்னால் எப்படிச் சொல்லாமல் இருக்க முடியும்? வண்டி கைமாறும் வரை அவர் அதில்தான் மேலே போவார். மழையும் வரப்போகிறது.

வேறொரு கேள்வியும் விடமாட்டேன் என்கிறது. இரண்டு சக்கரத்தில் ஒன்பது மழைக்காலம் எப்படி ஏறினார்? ஒரு தாளில் படம் போட்டுப் பார்த்தேன். எப்போதும் பின்தட்டு நிறைய இரும்புக் குழாய். பாரம் முழுக்க இழுக்கிற பின் சக்கரத்தின் மேல். ஆகவே அது மண்ணை விடாமல் பிடித்திருக்கிறது. மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை என்பார்கள். இந்த வண்டிக்குக் கனம் இருந்ததால்தான் பயமில்லை. போதாததற்கு இரண்டாவது கியர், மண்சுவர், பிரேக்கைத் தொடாத கால். பாதி இரும்பு, பாதி அவர். பச்சை விளக்கின் பங்கு என்ன? ஒன்றுமே இல்லையா?

ஒன்றுமில்லை என்று எழுதக் கை வரவில்லை.

மே 20, புதன்

சொல்லிவிட்டேன்.

அண்ணன் நம்பவில்லை. மூட்டு வலியோடு மெதுவாக வண்டிக்கு அடியில் போனார். வெகுநேரம் வெளியே வரவில்லை. கால்கள் மட்டும் தெரிந்தன. வந்ததும் சிரித்தார், நானும் சிரித்தேன். "என் பொண்டாட்டிகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர், சாகுற வரைக்கும் சொல்லிக்காட்டுவா" என்றார். அப்புறம் சின்னக் கம்பியின் குமிழை உள்ளங்கையால் ஒரு தடவை தடவினார்.

"ஒரு வருஷம் பேய் மழையில, பின்னாடி ரெண்டு ஆளுங்களை ஏத்திக்கிட்டுப் போனேன் டாக்டர்."

பொறுமை ஒரு ஷாஃப்ட் தேடுகிறார், கிடைத்ததும் மாட்டிய பிறகு வாங்கிக்கொள்கிறேன் என்றேன். தலையாட்டினார்.

மே 27, புதன்

தப்புப் பண்ணிட்டேன். பெரிய தப்பு.

அண்ணன் நேற்று நடுப்பண்ணைக்கு மோட்டார் இறக்கப் போயிருக்கிறார். மழை இல்லை, ஒரு தூறல்கூட இல்லை. காய்ந்த மண். மடக்கில் வண்டியை நிறுத்திவிட்டாராம். பின்னாலேயே இறக்கிக்கொண்டு வந்துவிட்டாராம். சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. ரெண்டு பேர் சொன்னாங்களே, கேட்டேனா நான்? எனக்கு எல்லாத்தையும் பிரிச்சுப் பார்க்கணும். பார்த்ததைச் சொல்லியே தீரணும்.

அவர் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் குழாய்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்.

"கால் வரலை டாக்டர். அதே இடம், அதே வண்டி. மிதிக்கச் சொன்னா கால் கேக்க மாட்டேங்குது. உங்களுக்கு இது புரியாது."

எனக்கா புரியாது? எல்லாவற்றையும் சொன்னேன். ஜூலை, மழை, வழுக்காத கார், போனில் சொன்ன பொய், செத்த பசு. வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லாதது. அண்ணன் பக்கத்திலிருந்த குழாயைத் தள்ளி எனக்கு இடம் விட்டார்.

"எந்த இடத்துல நிறுத்தினீங்க?"

"மடக்குல. மண்சுவர்ல ஒரு வேர் நீட்டிக்கிட்டு இருக்குமே, அங்க."

"அதே வேர்தான்" என்றார்.

மே 31, ஞாயிறு

மாதக் கடைசி. ஷாஃப்ட் கிடைக்கவில்லை, வண்டியும் என் கைக்கு வரவில்லை. அக்கா போன் செய்தார். "வருவேன் அக்கா, விக்காதீங்க" என்று சொல்லிவிட்டேன்.

எந்த வண்டியில் என்று அவர் கேட்கவில்லை. என் வாய் முந்திக்கொண்டது. ஆழம் தெரியாமல் காலை விட்டாயிற்று.

ஜூன் 11, வியாழன்

மழை. பகல் பதினொரு மணிக்கு அக்காவின் போன். தண்ணீர்க்குடம் உடைந்து இரண்டு மணி நேரமாகியும் கன்று வரவில்லை.

போனேன். ஏறினேன். கன்று உயிரோடு இருக்கிறது, தாயும்.

கை தோள்பட்டை வரை வலிக்கிறது. மீதி நாளைக்கு.

ஜூன் 12, வெள்ளி

காரில்தான் கிளம்பினேன். அடிவாரத்தில் அண்ணனின் வீடு. மழையில் சட்டையெல்லாம் நனைய, பிக்கப்பின் பின்தட்டில் பாரத்துக்காகக் குழாய்களை ஏற்றிக்கொண்டிருந்தார். என்னை மேலே கூட்டிவரச் சொல்லி அக்கா அவருக்கும் போன் செய்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் சாவியை நீட்டினார்.

"நான் ஓட்ட மாட்டேன். ஆனா பக்கத்துல உக்காந்துக்கிறேன்."

"ஷாஃப்ட் இல்லையேண்ணே!"

"என்னைக்கு இருந்துச்சு?"

ஏறி உட்கார்ந்தேன். இருக்கை வலப்பக்கம் சரிந்தது. பழக்கதோஷத்தில் அவர் கை சின்னக் கம்பிக்குப் போனது, பாதியில் நின்றது, மடிக்குத் திரும்பியது. இரண்டாவது கியர் போட்டேன்.

செம்மண் தண்ணீர் எதிரே ஓடி வந்தது. "வேகம் வேணாம். இதே சத்தம். இதே சத்தத்தை விட்டுடாதீங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தார். சத்தத்தைக் காதால் பிடித்துக்கொண்டேன். ஸ்டெதாஸ்கோப்பில் இதயத் துடிப்பைக் கேட்பது எனக்குப் பழக்கம்தானே. கேட்கத் தொடங்கியதும் பள்ளம் இருந்த பக்கம் கண் போகவில்லை.

மடக்கு. வேர். கால் நடுங்கியது. ஆமாம், அதே நடுக்கம்தான், ஒரு துளி குறையவில்லை. பின்பக்கம் ஒரு சாண் நழுவியது. அண்ணன் "ஐயோ" என்றார். சொன்னது அவர், நான் இல்லை. நடுங்கிய காலாலேயே மிதித்தேன். குழாய்கள் ஒரு குலுங்கு குலுங்கின, சக்கரம் மண்ணைப் பிடித்தது, திரும்பிவிட்டோம்.

நடுக்கம் போனால்தான் ஏற முடியும் என்று ஒரு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். நடுங்கிக்கொண்டேயும் ஏறலாம் போலிருக்கிறது. இது எனக்குப் புதுச் செய்தி.

கன்றுக்குத் தலை பின்பக்கம் மடங்கியிருந்தது. ஒரு மணி நேரம் ஆயிற்று. அண்ணனும் அக்காவும் கயிற்றைப் பிடித்து இழுத்தார்கள். இறங்கும்போது அண்ணன்தான் ஓட்டினார். நான் கேட்கவில்லை, அவராகவே போய் உட்கார்ந்தார்.

ஜூன் 30, செவ்வாய்

பொறுமை ஒருவழியாக ஷாஃப்ட் கண்டுபிடித்து மாட்டிவிட்டார். வண்டி இன்று முதல் என்னுடையது. ஆற்று மணலில் நிறுத்தி, கம்பியைப் போட்டு மிதித்தேன். முன் சக்கரங்கள் இரண்டும் மணலை வாரி அடித்தன, நேராகப் பொறுமையின் சட்டை மேல். அண்ணன் ஓரமாக நின்று ஒவ்வொரு சக்கரமாக விரல் விட்டு எண்ணினார். "நாலு" என்றார்.

இரண்டு சக்கரத்தில் ஏறிவிட்டோம் என்பதற்காக மற்ற இரண்டை வேண்டாம் என்று சொல்ல எனக்கென்ன பைத்தியமா என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். வாயைத் திறந்து பார்த்தாயா என்றார். பார்த்தேன், முழு வளர்ந்த மாட்டுக்கு இருப்பது போல எட்டுப் பல்லும் இருக்கிறது என்றேன்.

அண்ணன் புது வேன் பார்க்கிறார். விற்பவர் விலை சொல்வதற்குள் அடியில் போய்ப் படுத்துவிடுகிறாராம்.

ஜூலை 19, ஞாயிறு

நான்காவது மாடும் ஈன்றது. நான் போவதற்குள் தானாகவே. எனக்கு வேலையே இல்லை, நஞ்சுக்கொடி முழுதாக விழுந்ததா என்று மட்டும் பார்த்தேன்.

கொட்டிலில் அக்காவும் நானும்தான். இன்று சொல்லவில்லை என்றால் என்றைக்கும் சொல்ல மாட்டேன் என்று தோன்றியது. அவர் முகத்தைப் பார்க்காமல் மாட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"அக்கா, போன வருஷம் கார் வழுக்கலை. பாதையும் போகலை. நான்தான் பயந்து திரும்பிட்டேன்."

அக்கா கன்றைத் துடைப்பதை நிறுத்தவில்லை.

"தெரியும். இங்க இருந்து பார்த்தா மடக்கு நல்லாத் தெரியும் டாக்டர். மழை இருட்டுல உங்க கார் விளக்கு ஏறி வந்துச்சு. நின்னுச்சு. ரொம்ப நேரம் நின்னுச்சு. அப்புறம் மெதுவா, ஒழுங்காப் பின்னால போச்சு. வழுக்குற வண்டி அப்படிப் போகாது."

மாட்டிலிருந்து பார்வையை எடுத்து அவரைப் பார்த்தேன்.

"தெரிஞ்சும் ஏன் என்னையே கூப்பிட்டீங்க?"

"ஒரு வாரம் உங்களைத் திட்டித் தீர்த்தேன், இல்லைன்னு சொல்ல மாட்டேன். அன்னைக்கு மூணு டாக்டருக்குப் போன் பண்ணேன். ரெண்டு பேர் போன்லயே மாட்டேன்னுட்டாங்க. பாதி வரைக்கும் வந்தது நீங்க ஒருத்தர்தான்."

அழுதேன். மாட்டின் வயிற்றில் நெற்றியை வைத்துக்கொண்டு, சத்தமாகவே. மாடு அசையாமல் நின்றது. அக்கா ஈரத்துணியைப் பிழிந்து என்னிடம் நீட்டி, "முகத்தைத் துடைச்சுட்டு இந்தக் கன்னுக்குத் தொப்புள் மருந்து போடுங்க" என்றார்.

போட்டேன். கிடாரிக் கன்று. நெற்றியில் சுழி.